கில்பெக் தேவாலயம்: ரோமனஸ்க் பாணியைக் கற்க ஒரு சிற்றூர்க் கோயில்

ஐரோப்பியத் தேவாலயங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்களைப் பெரும்பாலான நூல்கள் எடுத்த எடுப்பிலேயே பேராலயங்களுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றன. டர்ஹாம், பீசா, சந்தியாகோ என்று பெயர்கள் வரிசையாக வரும். அண்ணாந்து பார்த்து மலைக்கலாம். எந்தக் கல் எதைத் தாங்குகிறது, எந்தப் பகுதி யாருக்காகக் கட்டப்பட்டது என்பது லேசில் பிடிபடாது. இடைக்கால ஐரோப்பாவின் ரோமனஸ்க் கட்டடப் பாணியைப் புரிந்துகொள்ள ஒரு சிற்றூரின் பங்குக் கோயிலே, அதாவது அந்த ஊர் மக்களுக்கான தேவாலயமே, போதும். சொல்லப்போனால் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முழுக் கட்டடமும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். கட்டியவர்களின் கணக்கும் கைத்திறனும் எட்டித் தொடும் உயரத்தில் இருக்கும்.

அப்படி ஒரு கோயிலைச் சொல்லச் சொன்னால் தயங்காமல் கில்பெக்கைச் சொல்வேன். இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், ஹெரிஃபோர்டு நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 14 கிலோமீட்டரில், வேல்ஸ் எல்லைக்கு அருகே இருக்கும் மிகச் சிறிய ஊர் அது. அங்குள்ள புனித மரியாள், புனித தாவீது தேவாலயம் சுமார் 1140இல் கட்டப்பட்டது. இந்தத் தாவீது விவிலியத்தில் வரும் அரசர் அல்லர். அந்த வட்டாரத்துக் கெல்டிக் புனிதர் ஒருவராக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். கட்டி ஏறக்குறைய 900 ஆண்டுகள் ஆகியும், அதன் சிற்பங்களில் பெரும்பகுதி கூர்மை மழுங்காமல் இருக்கிறது.

ரோமனஸ்க் என்பது ஏறத்தாழ 1000 முதல் 1200 வரை மேற்கு ஐரோப்பா முழுவதும் பரவியிருந்த கட்டடப் பாணி. அதன் அரைவட்ட வளைவுகள் பண்டைய ரோமானியக் கட்டடங்களை நினைவூட்டியதால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்கள் வைத்த பெயர் இது. இங்கிலாந்தில் இதையே நார்மன் பாணி என்றும் சொல்கிறார்கள். 1066இல் நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்ற பிறகு இந்தப் பாணி அங்கே பெருக்கெடுத்தது. அடுத்த நூறு ஆண்டுகளில், மரத்தால் கட்டப்பட்டிருந்த சிற்றூர்க் கோயில்கள் ஆயிரக்கணக்கில் கல் கட்டடங்களாக மாறின. கில்பெக் அந்த அலையில் எழுந்த ஒன்று.

அரைவட்ட வளைவின் கணக்கு

ரோமனஸ்க் பாணியின் உயிர்நாடி அரைவட்ட வளைவு. கல்லை மேலிருந்து அழுத்தினால் அது பெரும் பாரத்தையும் தாங்கும், இழுத்தால் எளிதில் பிளந்துவிடும். வாசலின் மேல் ஒரு நீளக் கல்லை உத்திரமாகக் கிடத்தினால், மேலே ஏறும் பாரத்தில் அதன் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். ஆகவே உத்திரக் கல்லை வைத்து அகலமான வாசலைக் கட்ட முடியாது. அதற்குப் பதிலாக ஆப்பு வடிவில் செதுக்கிய சிறு கற்களை அரைவட்டமாக அடுக்கினால், ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. பாரம் முழுவதும் அழுத்தமாக மாறிக் கல்லுக்குக் கல் கைமாறி, இரு பக்கமும் உள்ள தூண்களில் இறங்கிவிடுகிறது. சிறு கற்களைக் கொண்டே அகன்ற வாசலும் அகன்ற கூடமும் கட்ட முடிந்தது இதனால்தான்.

வளைவு முடியும்வரை கற்கள் தாமாக நிற்காது. நம் ஊர்க் கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிப்பார்களே, அதே வேலையை அன்று தச்சர்கள் மரத்தில் செய்தார்கள். அரைவட்ட மரச்சட்டத்தின் மேல் இரு பக்கத்திலிருந்தும் கற்களை ஏற்றிக்கொண்டே வந்து, உச்சிக் கல்லை இறுக்கி, சுண்ணாம்புச் சாந்து இறுகியபின் சட்டத்தை உருவிவிடுவார்கள். ஒரே சட்டத்தை அடுத்த வளைவுக்கும் பயன்படுத்தலாம் என்பதால் ஒரு கோயிலின் வளைவுகள் பெரும்பாலும் ஒரே அளவில் அமைந்தன.

இந்த வளைவுக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அது பாரத்தைக் கீழே மட்டும் இறக்குவதில்லை. கால்களைப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்கக் கனத்த சுவர் வேண்டும். மற்றொன்று, அரைவட்டத்தின் உயரம் எப்போதும் அகலத்தில் பாதிதான். அகலம் வேறுபடும் இரண்டு வளைவுகளை ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் கட்டுபவர் திண்டாடித்தான் ஆக வேண்டும். பின்னர் வந்த கோதிக் பாணியின் கூர்முனை வளைவு தீர்த்துவைத்தது இந்தச் சிக்கலைத்தான். கில்பெக்கில் கல் தச்சர்கள் வேலை செய்துகொண்டிருந்த அதே காலத்தில், 1140க்கும் 1144க்கும் இடையே, பாரிஸ் அருகே சாந்தெனி மடத்தில் மடாதிபதி சுழேர் தம் கோயிலின் கிழக்குப் பகுதியைப் புதிதாகக் கட்டினார். கோதிக் பாணியின் தொடக்கமாக இன்று கொள்ளப்படுவது அந்தக் கட்டடம். ஒரு பாணி முடிந்து இன்னொரு பாணி தொடங்கியது என்று பாடநூல்கள் கோடு கிழிப்பதைப் படிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு கட்டடங்களையும் நான் சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் கல் கூரை கிடைக்கும். மாட்டு வண்டியின் மேல் கூண்டு கட்டியிருப்பதை எண்ணிப்பாருங்கள், அதே வடிவம். அத்தகைய இரண்டு கூண்டுக் கூரைகள் குறுக்கே வெட்டிக்கொண்டால், பாரம் நான்கு மூலைகளுக்குப் பிரிந்து போகும். வெட்டுக்கோடுகளின் மேல் தனியாக விலா வளைவுகளைக் கட்டி, இடைவெளிகளைக் கல்லால் நிரப்புவது அடுத்த படி. 1093இல் தொடங்கிய டர்ஹாம் பேராலயம் அதில் முன்னோடி. கில்பெக்கிலும் பலிபீடம் இருக்கும் கிழக்குக் கோடியில் சிறிய அளவில் விலா வளைவுக் கூரை இருக்கிறது. விலாக்களின் மேல் நெளிவரி செதுக்கியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ரோமனஸ்க் கோயில்களின் சுவர்கள் கனமாக இருப்பது கல் கூரையைத் தாங்குவதற்காக என்று பல அறிமுக நூல்களில் எழுதியிருக்கும். பேராலயங்களைப் பொறுத்தவரை அது சரி. சிற்றூர்க் கோயில்களில் பெரும்பாலானவற்றுக்குக் கல் கூரையே கிடையாது. மக்கள் நிற்கும் கூடத்தின் மேல் மரக்கூரைதான். கில்பெக்கிலும் அப்படித்தான். பிறகு ஏன் அத்தனை கனம்? சுவர் கட்டிய முறையைப் பார்த்தால் விளங்கும். உள்ளேயும் வெளியேயும் கல் வரிசை எழுப்பி, நடுவில் உடைகல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொட்டி நிரப்புவது அன்றைய வழக்கம். இந்த முறையில் மெல்லிய சுவர் நிற்காது. அத்தகைய சுவரில் பெரிய ஓட்டை போடவும் கூடாது. ஆகவே சன்னல்கள் சிறியவை; வெளியே குறுகலாகவும் உள்ளே வர வர விரிந்தும் இருக்கும். உள்ளே நுழையும் கொஞ்ச வெளிச்சம் சரிந்த பக்கங்களில் பட்டுப் பரவுவதற்காகச் செய்த ஏற்பாடு அது.

மூன்று பகுதி, மூன்று பொறுப்பு

கில்பெக்கின் தரைப்படம் ஒரு குழந்தைகூட வரையக்கூடியது. மேற்கே செவ்வகமான கூடம், அதைவிடக் குறுகலான நடுப்பகுதி, கிழக்கே அரைவட்டமாக முடியும் பீடப்பகுதி. கிழக்கே போகப் போக அகலமும் உயரமும் குறைகின்றன. வெளியிலிருந்து பார்த்தாலே இந்த மூன்றும் தனித்தனியாகத் தெரியும்.

இந்தப் பிரிவு அழகுக்காகச் செய்ததன்று. கூடம் ஊர் மக்களுக்கு உரியது. நடுப்பகுதியும் பீடப்பகுதியும் குருவுக்கு உரியவை. அந்தக் காலத்தில் கூடத்தில் உட்கார இருக்கைகள் இல்லை. மக்கள் நின்றபடியோ மண்டியிட்டோ திருப்பலி கண்டார்கள். இங்கிலாந்தின் இடைக்காலச் சட்ட வழக்கில் பராமரிப்புச் செலவும் இதே கோட்டில் பிரிந்தது: கூடத்தைப் பழுதுபார்ப்பது பங்கு மக்களின் கடமை, பீடப்பகுதியைப் பழுதுபார்ப்பது பங்கின் வருமானத்தைப் பெறுபவரின் கடமை. ஒரு கோயிலின் கூடம் பெரிதாகி அழகாக இருந்து, கிழக்குப் பகுதி எளிமையாகவே நின்றுவிட்டதென்றால், ஊர் செழித்தது, வருமானம் பெற்றவர் கையை இறுக்கினார் என்று ஊகிக்க இடமுண்டு.

எந்த வருமானம் என்று கேட்கலாம். பங்கு என்பது வழிபாட்டுக்கான எல்லை மட்டுமல்ல. வரி வசூலுக்கான எல்லையும்கூட. விளைச்சல், கம்பளி, ஆட்டுக்குட்டி என எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுப்பது சட்டக் கடமையாக இருந்தது. குழந்தைக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்கும் உரிமையும் இறந்தவரைப் புதைக்கும் உரிமையும் பங்குக் கோயிலுக்கு இருந்தன. ஆகவே திருமுழுக்குத் தொட்டியும் கல்லறைத் தோட்டமும் இருந்தால் அது பங்குக் கோயில் என்று அடையாளம் காணலாம். கில்பெக்கின் திருமுழுக்குத் தொட்டி பெரிய கல் கிண்ணம். அங்கே இன்னொரு சிறிய தீர்த்தத் தொட்டியும் இருக்கிறது. அதன் உப்பிய வயிற்றை இரண்டு கைகள் முன்புறம் அணைத்துப் பிடித்திருக்கின்றன. தலை இல்லை, முகம் இல்லை, கைகள் மட்டும்தான். அதைச் செதுக்கியவரின் கற்பனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கோயிலைக் கட்டுவித்தவர் உள்ளூர் நிலவுடைமையாளர். 1086இல் வில்லியம் மன்னர் எடுத்த நிலக் கணக்கெடுப்பில், கில்பெக் வில்லியம் ஃபிட்ஸ் நார்மன் என்பவரின் உடைமையாகப் பதிவாகியிருக்கிறது. அவர் மகன் ஹியூவின் காலத்தில் இந்தக் கோயில் எழுந்தது. அதற்கு முன்பும் அங்கே ஒரு கோயில் இருந்தது. கூடத்தின் வடகிழக்கு மூலையில் கற்கள் அடுக்கியிருக்கும் விதம் வேறுபடுவதால், அது பழைய கட்டடத்தின் எச்சம் என்று கருதுகிறார்கள். கோயிலுக்கு மேற்கே சில அடிகளில் ஹியூ குடும்பத்தின் கோட்டை மேடு இருக்கிறது. கோட்டையும் கோயிலும் ஊரும் ஒரே இடத்தில் நெருங்கி இருப்பது நார்மன் ஆட்சியாளர்கள் எல்லைப் பகுதிகளில் கையாண்ட முறை. கோயிலை ஹியூ குளோஸ்டர் மடத்துக்குக் கொடையாக எழுதிவைத்தார். கொடுப்பவருக்கு மடத்தின் வேண்டுதல் கிடைக்கும். மடத்துக்குப் பத்தில் ஒரு பங்கும் குருவை நியமிக்கும் உரிமையும் போய்ச் சேரும். இடைக்கால ஐரோப்பாவில் எண்ணற்ற பங்குக் கோயில்கள் இப்படித்தான் மடங்களின் கைக்குப் போயின.

தெற்கு வாசல்

கில்பெக்கை உலகம் அறிந்திருப்பது அதன் சிற்பங்களால். அவற்றில் தெற்கு வாசலைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

வாசலின் மேலே அரைவட்டப் பலகைக் கல். பெரிய கோயில்களில் இந்த இடத்தில் கிறிஸ்து அரியணையில் வீற்றிருப்பார். இங்கே ஒரு கொடி மட்டும் அடியிலிருந்து எழுந்து, இரு பக்கமும் கிளைவிட்டு, பழக் குலைகளோடு நிற்கிறது. வாழ்வின் மரம் என்று இதைச் சொல்வது வழக்கம். அதைச் சுற்றி வளைவின் கற்களில் அலகுள்ள தலைகள், பறவைகள், தம் வாலைத் தாமே கடிக்கும் பறவை நாகங்கள் எனக் கல்லுக்கு ஓர் உருவம். வலப்பக்கத் தூணின் தலைப்பில் ஒரு மனித முகம். அதன் வாயிலிருந்து தண்டும் இலையும் பீறிட்டு வெளியே வருகின்றன. இடப்பக்கத் தூண்தண்டில் கொடிகளுக்கு நடுவே ஒருவர் மேல் ஒருவராக இரண்டு போர்வீரர்கள். அவர்கள் தலையில் கூம்புத் தொப்பி, காலில் நீளக் காற்சட்டை. துணியின் மடிப்புகள் இணைகோடுகளாக ஓடுகின்றன. வெளிப்புறத் தூண்தண்டுகளில் நீண்ட பாம்புகள் தலைகீழாக இறங்குகின்றன.

கண்ணைக் கொஞ்சம் அருகே கொண்டுபோனால் ஒரு நுட்பம் தெரியும். கொடியா, பாம்பா, கயிறா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாக் கோடுகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளிவருகின்றன. இந்தப் பின்னல் வேலை வடக்கே வைக்கிங் மரபிலும் ஆங்கிலோ சாக்சன் மரபிலும் ஊறியது. மேற்குச் சுவரில் வாயைப் பிளந்து, நாக்கைச் சுருட்டியபடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பறவை நாகத் தலைகளைப் பார்த்தால் வைக்கிங் கப்பல் முகப்பு உடனே நினைவுக்கு வரும்.

உள்ளே போனால் வேறு திசையிலிருந்து வந்த செல்வாக்கு. கூடத்துக்கும் நடுப்பகுதிக்கும் இடையிலான வளைவின் தூண்களில் திருத்தூதர்கள் ஒருவர் மேல் ஒருவராக நிற்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு மூவர். தூண்தண்டில் உருவங்களை அடுக்கும் இந்த முறை, வடமேற்கு ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயத்தின் தெற்கு வாசலில் இருப்பது. இந்த மூலைக்கு அது எப்படி வந்தது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. இதே மாவட்டத்தில் ஷோப்டன் என்ற ஊரின் கோயிலைக் கட்டுவித்த ஆலிவர் தெ மெர்லிமாண்ட் என்னும் நிலப்பிரபுவின் மேலாளர், கட்டுமானம் நடந்த காலத்தில் சந்தியாகோவுக்குத் திருப்பயணம் போய்த் திரும்பியவர். அவர் சிற்பிகளையும் அழைத்துப் போனாரா அல்லது போகும் வழியில் பிரான்சிலும் ஸ்பெயினிலும் கண்டதை வந்து சொன்னாரா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். ஷோப்டனிலும் கில்பெக்கிலும் சுற்று வட்டாரக் கோயில்களிலும் வேலை செய்த சிற்பிகளை ஹெரிஃபோர்டுஷயர் சிற்பிகள் குழு என்று அழைக்கிறார்கள். ஈயர்ட்ஸ்லி, காசில் ஃப்ரோம் ஆகிய ஊர்களின் திருமுழுக்குத் தொட்டிகளும் அவர்கள் மரபில் வந்தவையே. தங்கள் பெயரை எங்கும் பொறிக்காமல் போன அந்தக் கைகள் 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த சிற்பிகளுக்கு இணையானவை என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கூரைக்கு அடியில் ஓர் உலகம்

சுவரின் உச்சியில், கூரை தொடங்கும் இடத்தில், கோயிலைச் சுற்றிலும் வரிசையாகச் சிறு கற்கள் துருத்திக்கொண்டிருக்கின்றன. இவை தாங்குகற்கள். மேலே உள்ள கல் விளிம்பைப் பிடித்து நிறுத்துவது இவற்றின் வேலை. முதலில் 91 இருந்தன; இன்று 85 எஞ்சியிருக்கின்றன. கிட்டத்தட்ட ஒவ்வொன்றிலும் ஒரு தலையோ உருவமோ உண்டு: செம்மறிக் கடா, பன்றி, பறவை, இசைக்கருவி மீட்டும் ஒருவர், சிலுவையைத் தாங்கிய ஆட்டுக்குட்டி. ஒரு கல்லில் தொங்கிய காதுள்ள வேட்டை நாயும் அகன்ற கண்ணுள்ள முயலும் கன்னத்தோடு கன்னம் வைத்து உட்கார்ந்திருக்கின்றன. வேட்டையாடுவதும் வேட்டையாடப்படுவதும் இப்படி நட்பாக அமர்ந்திருக்கும் அந்தக் கல்லைப் பார்த்து முகம் மலராதவர் இருக்க முடியாது.

கிழக்குப் பகுதியில் தன் பெண்குறியை இரு கைகளாலும் விரித்துக் காட்டும் பெண் உருவம் ஒன்றும் உண்டு. இத்தகைய உருவங்கள் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் பல கோயில்களில் காணப்படுகின்றன. ஷீலா நா கிக் என்று பெயர். காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்பார் ஒரு சாரார். தீமையை விரட்டும் காவல் உருவம் என்பார் மற்றொரு சாரார். எப்படி இருந்தாலும், அன்றைய கோயில் வேண்டாததை வெளியே தள்ளிக் கதவடைக்கவில்லை. தன் சுவரிலேயே அதற்கு ஓர் இடம் வைத்திருந்தது.

இதை அந்தக் காலத்திலேயே எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. எளிமையை வலியுறுத்திய சிஸ்டர்சியத் துறவுச் சபையைச் சேர்ந்த கிளேர்வோ பெர்னார்டு, கில்பெக் கட்டப்படுவதற்குச் சுமார் 15 ஆண்டுகளுக்கு முன், மடங்களின் முற்றங்களில் செதுக்கப்படும் அரக்க உருவங்களையும் குரங்குகளையும் சிங்கங்களையும் கடுமையாகச் சாடினார். துறவிகள் நூலை விட்டுவிட்டுக் கல்லையே படித்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவர் கவலை. செலவைப் பற்றியும் கேட்டார். சிஸ்டர்சிய மடங்கள் இதனால் எளிமையாகவே கட்டப்பட்டன. கில்பெக் ஹியூவிடம் இந்த வாதம் எடுபடவில்லை, நமக்கு நல்லதாயிற்று.

இது எப்படித் தப்பியது

இங்கிலாந்தின் பங்குக் கோயில்களில் முழுமையான ரோமனஸ்க் கட்டடங்கள் குறைவு. ஊர் வளர வளர, பக்கச் சுவரை இடித்து இணைக்கூடம் சேர்ப்பார்கள். சிறிய சன்னலைப் பெயர்த்துவிட்டுப் பெரிய கோதிக் சன்னல் வைப்பார்கள், கோபுரம் எழுப்புவார்கள். இன்று பல கோயில்களில் ஒரு வாசல் மட்டும் அல்லது ஒரு வளைவு மட்டும் ரோமனஸ்க் காலத்ததாக நிற்கும்.

கில்பெக் ஊர் வளரவில்லை. கோட்டையின் செல்வாக்கு மங்கியது. 1640களின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு அது சிதைந்தே போயிற்று. கோயிலைச் சுற்றியிருந்த இடைக்காலக் குடியிருப்பு மறைந்து, இன்று புல்வெளியில் மேடுபள்ளமாகத் தெரிகிறது. இடித்துப் பெரிதாக்கப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. இந்த ஏழ்மைதான் கோயிலைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. கல்லும் கைகொடுத்தது, அந்த வட்டாரத்துச் சிவந்த மணற்கல் இங்கே அசாதாரண உறுதியோடு நின்றிருக்கிறது.

ஷோப்டனில் இதற்கு நேர்மாறாக நடந்தது. பணம் வந்தது. 1750களில் பழைய கோயிலின் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் புதிய கோயில் கட்டினார்கள். பழைய வளைவுகளைப் பெயர்த்துக்கொண்டு போய், ஒரு மேட்டின் உச்சியில் தோட்ட அலங்காரமாக நிறுத்தினார்கள். கூரையின்றி மழையிலும் பனியிலும் நின்ற அந்தச் சிற்பங்கள் கரைந்து, இன்று வெறும் உப்பலும் பள்ளமுமாக இருக்கின்றன. ஓவியர் ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ் 1842இல் கில்பெக்கையும் 1852இல் ஷோப்டனையும் விரிவான வரைபடங்களாக வெளியிட்டார். ஷோப்டனில் என்ன இருந்தது என்பதைப் பெருமளவுக்கு அந்த வரைபடங்களைக் கொண்டுதான் இன்று அறிகிறோம். கில்பெக்கில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பழுதுபார்ப்பு நடந்தது.

வேறொரு ரோமனஸ்க் கோயிலைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், முதலில் வெளியே ஒரு முறை சுற்றி வாருங்கள். வளைவுகள் அரைவட்டமா, கூர்முனையா. சுவரில் அடைத்துவிட்ட பழைய சன்னலின் தடம் இருக்கிறதா. கிழக்குக் கோடி வட்டமா, சதுரமா என்று பாருங்கள். இங்கிலாந்தில் அரைவட்டக் கோடிகள் பலவற்றைப் பிற்காலத்தில் சதுரமாக்கிவிட்டார்கள். உள்ளே வெறும் கல் தெரிந்தால் அதுவே பழைய தோற்றம் என்று எண்ணிவிட வேண்டாம். ரோமனஸ்க் கோயில்களின் உட்புறம் சாந்து பூசி வண்ணம் தீட்டியே இருந்தது. ஸ்பெயினின் கத்தலோனியாவில், பைரனீஸ் மலைப்பகுதியில் உள்ள தாவுல் ஊரில் 1123இல் அர்ச்சிக்கப்பட்ட புனித கிளமெந்து கோயிலின் பீடச் சுவரில், நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகக் கிறிஸ்து வீற்றிருந்தார். 1920களை ஒட்டி அந்த ஓவியத்தைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துப் பார்சிலோனாவின் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று அங்கே காணலாம்.